கற்கள் நடந்த தீவு

உலகப் படத்தில் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சிலி நாட்டின் மீது விரலை வைத்து, அப்படியே மேற்கு நோக்கி நகர்த்துங்கள். ஓரிரு பாறைத் திட்டுகளைத் தவிர, எங்கும் பசிபிக் பெருங்கடலின் நீலமே தெரியும். ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் கடந்த பின் ஒரு சிறு புள்ளி தென்படும். அச்சகத்தார் கைதவறிச் சிந்திய மைத்துளியோ என்று ஐயுறத் தோன்றும். அதுவே ஈஸ்டர் தீவு. அங்கு வாழும் மக்கள் தங்கள் தீவையும் தங்கள் மொழியையும் தங்களையும் 'ராப்பா நூயி' என்ற ஒரே பெயரால் குறிக்கின்றனர். மேற்கே மனிதர் வாழும் மிக அருகிலுள்ள தீவு பிட்கேர்ன். அதுவும் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அங்கு வாழ்வோர் ஐம்பது பேர் அளவில்தான்.

இத்தகைய தனிமையான இடத்தில், வெறும் 164 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நிலத்தில், இரும்பையே அறியாத மக்கள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மாபெரும் கற்சிலைகளைச் செதுக்கினார்கள். அவற்றுட் பலவற்றைப் பல கிலோமீட்டர் தொலைவு கொண்டு சென்று நிறுத்தினார்கள். யார் இவர்கள்? எப்படிச் செய்தார்கள்? பின்னர் ஏன் சிலைகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன? இவ்வினாக்களுக்குக் கடந்த அரை நூற்றாண்டில் கிடைத்த விடைகள் பல, முன்பு பாட நூல்களில் இடம்பெற்ற விடைகளினின்று பெரிதும் மாறுபட்டவை. அந்த மாற்றமே இத்தீவின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி என்பேன்.

மூன்று எரிமலைகளின் முக்கோணம்

ஈஸ்டர் தீவு முக்கோண வடிவினது. அதன் மிக நீண்ட பக்கம் 24 கிலோமீட்டர்; காலையில் ஒரு மூலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் மறு மூலைக்கு நடந்தே போய்விடலாம். மூன்று மூலைகளிலும் மூன்று எரிமலைகள் நிற்கின்றன. கிழக்கே இருப்பது போய்க்கே, தென்மேற்கே ரானோ காவ், வடக்கே தெரெவாக்கா. மூன்றில் இளையதும் உயர்ந்ததும் தெரெவாக்காதான்; அதன் உயரம் 507 மீட்டர். இம்மூன்றும் வெவ்வேறு காலத்தில் கக்கிய எரிமலைக் குழம்பு குளிர்ந்து ஒன்றோடொன்று இணைந்தே இத்தீவு உருவாயிற்று. கடலடித் தரையிலிருந்து அளந்தால் இது ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் மலை. நாம் தீவு என்று அழைப்பது அம்மலையின் தலைப்பகுதியை மட்டுமே.

கடலில் மூழ்கிய ஒரு பெருங்கண்டத்தின் எச்சமே இத்தீவு என்று சிலர் எழுதியதுண்டு. அத்தகைய கதைகளுக்கு என்றுமே வாசகர் உண்டு. ஆனால் கண்டங்களுக்கே உரிய கருங்கல் வகைப் பாறை எதுவும் இங்கு இல்லை. காண்பவை எல்லாம் எரிமலைப் பாறைகளே.

ரானோ காவின் வாய் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமுள்ளது. அதனுள் மழைநீர் தேங்கி ஏரியாகியுள்ளது. ஏரியின் மேல் கோரைப் புல் மிதக்கும் திட்டுகளாகப் படர்ந்திருக்கிறது. மேலே விளிம்பில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, அதன் அடியில் கடல். தீவிலேயே கண்ணுக்கு மிக இனிய இடம் இதுதான் என்று பலரும் கூறுவர்.

ஆறு என்பது இத்தீவில் இல்லை. மழை போதிய அளவு பெய்கிறது; ஆனால் பாறை நுண்துளைகள் நிறைந்தது. பெய்த நீர் உடனே உள்ளே இறங்கி, நிலத்தடியில் ஓடி, கடற்கரையில் ஊற்றாக வெளிப்படுகிறது. கடல் வற்றம் கொள்ளும் நேரத்தில் அந்த ஊற்றுநீரைக் குடிக்கலாம்; சிறிது உப்புக் கரிக்கும். ஐரோப்பிய மாலுமிகள் சிலர், இத்தீவினர் கடல்நீரையே குடிக்கிறார்கள் என்று வியந்து எழுதினர். அவர்கள் கண்டது இந்த ஊற்றுகளில் நீர் அருந்தியவர்களையாக இருக்க வேண்டும். இந்த ஊற்றுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிலைகளைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வருவோம்.

படகில் வந்தவர்கள்

1947-இல் நார்வே நாட்டைச் சேர்ந்த தோர் ஹெயர்தால் என்பவர் 'கோன்-டிக்கி' என்ற மரத்தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டுப் பாலினீசியத் தீவுகளை அடைந்தார். பாலினீசியாவில் முதலில் குடியேறியவர்கள் தென் அமெரிக்காவிலிருந்து சென்றவர்களே என்பது அவரது கொள்கை. துணிவு மிக்க பயணம்தான், ஐயமில்லை. ஆயினும் ஒரு பயணம் முடியும் என்று காட்டுவது வேறு, அது நடந்தது என்று மெய்ப்பிப்பது வேறு.

மொழி, தாவரம், மரபணு ஆகிய மூன்று சான்றுகளும் ஹெயர்தாலின் கொள்கைக்கு எதிராகவே நிற்கின்றன. 'ஐந்து' என்னும் எண்ணை ராப்பா நூயி மொழியில் 'ரிமா' என்பர். நியூசிலாந்தின் மவோரி மக்களும் 'ரிமா' என்றே சொல்வர். ஹவாயில் அது 'லிமா'. 1774-இல் கேப்டன் குக் இத்தீவுக்கு வந்தபோது, அவரது கப்பலில் இருந்த சொசைட்டி தீவு இளைஞன் ஒருவனால் இம்மக்களின் பேச்சை ஓரளவு புரிந்துகொள்ள முடிந்தது. பாலினீசியர்களின் முன்னோர் ஆசியாவின் கிழக்கு விளிம்பிலிருந்து தீவு தீவாகக் கிழக்கு நோக்கிப் பரவியவர்கள். ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட பெரும் முக்கோணத்தை அவர்கள் இரட்டைப் படகுகளில் சென்று நிரப்பினர். விண்மீன்களின் எழுச்சி, அலைகளின் போக்கு, பறவைகள் பறக்கும் திசை ஆகியவையே அவர்களின் திசைகாட்டிகள்.

ஈஸ்டர் தீவில் குடியேற்றம் கி.பி. 400 அல்லது 800 அளவில் நடந்தது என்று முன்பு கருதினர். கரிமக் காலக் கணிப்பு முறை செம்மையடைந்த பின், கி.பி. 1200 அளவில்தான் மக்கள் வந்தனர் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. ஹோத்து மத்துவா என்ற தலைவன் வடகரையிலுள்ள அனக்கேனா மணற்கடற்கரையில் வந்து இறங்கினான் என்பது தீவின் மரபுக் கதை. கோழி, சேப்பங்கிழங்கு, வாழை, கரும்பு ஆகியவை அவர்களுடன் வந்தன. எலியும் வந்தது, அது தானாகவே ஒளிந்து வந்ததா, உணவுக்காகக் கொண்டு வந்தார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

ஆனால் ஒரு வியப்பு. இத்தீவின் முக்கிய உணவான சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. ஐரோப்பியர் வருமுன்பே அது பாலினீசியாவில் பயிராயிற்று. 2024-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, பழைய ராப்பா நூயி மக்களின் மரபணுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அமெரிக்கத் தொல்குடிகளுடையது என்றும், அக்கலப்பு சுமார் 1250-க்கும் 1430-க்கும் இடையில் நேர்ந்தது என்றும் காட்டியது. கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடக்கும் முன்பே பசிபிக்கின் இரு கரைகளும் சந்தித்திருந்தன! ஹெயர்தால் ஐயுற்ற தொடர்பு உண்மைதான். ஆனால் குடியேறியவர்கள் பாலினீசியர்களே. பெரும்பாலும் அவர்களே சென்று திரும்பியிருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் எண்ணம்.

சிலைகள் பிறந்த மலை

இத்தீவின் சிலைகளுக்கு 'மோஆய்' என்று பெயர். நம் மொழியில் 'மோவாய்' என்றால் முகவாய்க்கட்டை. இச்சிலைகளுக்கும் துருத்திக்கொண்டிருக்கும் முகவாய் உண்டு. ஓசை ஒற்றுமையைக் கண்டவுடன் சொல்லாராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம். இது தற்செயலே.

ஏறக்குறைய எல்லா மோஆய்களும் பிறந்த இடம் ரானோ ரராக்கு என்னும் சிறு எரிமலை. அங்குள்ள பாறை எரிமலைச் சாம்பல் இறுகியதால் ஆனது, செதுக்குவதற்கு எளிது. அதைவிடக் கடினமான கருநிறப் பாறையில் செய்த உளிகளால் சிற்பிகள் வேலை செய்தனர். முதலில் பாறையிலேயே, மல்லாந்த நிலையில், முகமும் வயிறும் கைகளும் உருவாகும். பக்கங்கள் குடையப்படும். கடைசியில் முதுகுத்தண்டின் நீளத்துக்கு ஒரு மெல்லிய இணைப்பு மட்டும் எஞ்சும். அதையும் உடைத்ததும் சிலை தாய்ப்பாறையிலிருந்து விடுபடும். சரிவில் மெல்ல இறக்கி, அடிவாரத்தில் தோண்டிய குழியில் நிமிர்த்தி, முதுகைச் செதுக்கி முடிப்பார்கள்.

இவ்வாறு நிறுத்தப்பட்டு அங்கேயே தங்கிவிட்ட சிலைகள் பல. நூற்றாண்டுக் கணக்கில் மலையிலிருந்து சரிந்த மண் அவற்றைத் தோள் வரை மூடிவிட்டது. படங்களில் வெறும் தலைகளாகக் காண்பவை இவையே. தலைக்குக் கீழே முழு உடலும் மண்ணுக்குள் உண்டு. சராசரி மோஆய் நான்கு மீட்டர் உயரமும் 12 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உள்ளது. மேடையில் நிறுத்தப்பட்டவற்றுள் மிகப் பெரியதான 'பாரோ' ஏறத்தாழ 10 மீட்டர் உயரம், 80 டன் எடை. மலையிலேயே முடிவுறாமல் படுத்துக்கிடக்கும் ஒன்றோ 21 மீட்டர் நீளம். அதை எப்போதாவது எழுப்ப எண்ணினார்களா, அல்லது பாறையிலேயே கிடக்கட்டும் என்று செதுக்கினார்களா என்று சொல்வது கடினம். ஏறத்தாழ 400 சிலைகள் இன்னும் இச்சுரங்கத்திலேயே உள்ளன. 2023-இல் இந்த எரிமலையின் ஏரி வற்றியபோது, அதன் அடியிலிருந்து இதுவரை அறியப்படாத சிறு சிலை ஒன்று வெளிப்பட்டது.

சிலைகள் கடற்கரையோரமாகக் கட்டிய 'ஆஹு' என்னும் கல்மேடைகளில் நிறுத்தப்பட்டன. அவை கடலைப் பார்ப்பதில்லை. கடலுக்கு முதுகு காட்டி ஊரை நோக்கி நிற்கின்றன. இவை இறந்துபோன முன்னோர்களின் உருவங்கள். தம் வழியினரைக் காப்பதற்காக நின்றவை. சிலவற்றின் தலையில் புனா பாவ் என்ற இடத்தில் வெட்டிய செந்நிறக் கல்லால் ஆன உருளை வடிவ முடி உண்டு. கண்குழி மேடையை அடைந்த பிறகே செதுக்கப்பட்டது. 1978-இல் அனக்கேனாவில் நடந்த அகழ்வில் வெண்பவழத்தால் செய்த கண் ஒன்று கிடைத்தது. வெற்றுக் குழியாகத் தெரிந்த கண்கள் ஒரு காலத்தில் வெண்விழியும் செந்நிறப் பாவையுமாக விழித்து நோக்கின என்பது அப்போதுதான் தெரிந்தது.

மேடைகளை ஏன் அந்தந்த இடத்தில் கட்டினார்கள்? இங்குதான் ஊற்றுகள் வருகின்றன. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள மேடைகளின் இடங்களைப் பயிர்நிலம், மீன்பிடி இடம், குடிநீர் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். மேடைகள் மிகத் தெளிவாகக் குடிநீர் ஊற்றுகளை ஒட்டியே அமைந்திருந்தன. நீர் உள்ள இடத்தில் ஊர். ஊர் உள்ள இடத்தில் முன்னோர்.

எப்படி நகர்த்தினர்?

தீவின் முதியவர்களைக் கேட்டால், 'மோஆய்கள் நடந்து வந்தன' என்பார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் இதைக் கேட்டு நகைத்தனர். மரத்தடிகளை உருளைகளாக இட்டு, சிலையைப் படுக்கவைத்து இழுத்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. அவ்வாறானால் எண்ணற்ற மரங்கள் வேண்டும். எண்ணற்ற ஆட்களும் வேண்டும். சிலைகளுக்காகவே காடு அழிந்தது என்ற கதைக்கு இதுவே அடிப்படை.

கனத்த இரும்புப் பீரோவைத் தனியொருவர் நகர்த்தும் விதத்தை நாம் பார்த்திருக்கிறோம். தூக்க முடியாது, இழுத்தால் தரை கீறும். ஆகவே ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு மூலையை ஊன்றி மறு மூலையை முன்னே திருப்புவோம். பிறகு மறு பக்கம் சாய்த்து அதேபோல். பீரோ அடி மேல் அடி வைத்து நகரும். மோஆய்களும் இப்படித்தான் நடந்தன என்று அமெரிக்க ஆய்வாளர்களான டெரி ஹண்டும் கார்ல் லிப்போவும் கூறினர். செக் நாட்டுப் பொறியாளர் பாவெல் பாவெல் 1986-இலேயே தீவுக்கு வந்து, ஒரு சிலையை நின்ற நிலையில் அசைத்து நகர்த்திக் காட்டியிருந்தார்.

ஹண்டும் லிப்போவும் வழியில் விழுந்து கிடந்த சிலைகளைக் கூர்ந்து நோக்கினர். மேடைகளில் நின்ற சிலைகளுக்கும் இவற்றுக்கும் ஒரு வேறுபாடு தென்பட்டது. வழியில் கிடந்தவற்றின் அடிப்பகுதி அகன்றும் முன்விளிம்பு வளைந்தும் இருந்தது. உடல் முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. அப்படியே நிறுத்தினால் குப்புற விழும். நிற்பதற்கு ஏற்காத இந்த வடிவம் நடப்பதற்கு மிகவும் ஏற்றது! பக்கவாட்டில் சாய்க்கும்போது சிலை வளைந்த முன்விளிம்பின் மேல் உருண்டு தானே ஓர் அடி முன்னேறும். மேடையை அடைந்த பின் அடிப்பகுதியைச் செதுக்கிச் சமன் செய்தனர்.

2012-இல் இதைச் செய்தே பார்த்தனர். 4.35 டன் எடையுள்ள சிமெண்டுக் கலவைச் சிலை ஒன்றை வார்த்து, தலையில் கயிறுகள் கட்டினர். இரு பக்கமும் ஆட்கள் மாறி மாறி இழுத்தனர். பின்னால் நின்றவர்கள் சிலை முன்னே விழாமல் பிடித்துக்கொண்டனர். மொத்தம் 18 பேர். சிலை 40 நிமிடத்தில் 100 மீட்டர் தூரம் நடந்தது. இது சிறிய சிலை, பெரியவற்றுக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்கள் இன்றும் உள்ளனர். மரச் சட்டத்தில் கிடத்தி இழுத்தனர் என்ற கொள்கையையும் எல்லோரும் கைவிட்டுவிடவில்லை. ஆயினும் தீவு மக்களின் வாய்மொழியை வெறும் கற்பனை என்று இனி எவரும் ஒதுக்க முடியாது.

காடு எங்கே போயிற்று?

1722 ஏப்ரல் 5-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, டச்சு மாலுமி யாக்கோப் ரொக்கேவேன் இத்தீவைக் கண்டார். தீவின் ஐரோப்பியப் பெயர் அன்று பிறந்தது. கரையில் இறங்கிய அவரது வீரர்கள் பதற்றத்தில் சுட்டதில் தீவினர் பத்துப் பன்னிரண்டு பேர் மாண்டனர். அப்போதே தீவில் பெரிய மரங்கள் இல்லை.

ஆனால் முன்பு இருந்தன. 1970-களிலும் 1980-களிலும் ஜான் ஃபிளென்லி என்ற அறிஞர் எரிமலை ஏரிகளின் அடிச் சேற்றைத் துளையிட்டு எடுத்து, அதில் படிந்திருந்த மகரந்தத் தூளை ஆராய்ந்தார். அடுக்கடுக்கான சேறு பழங்காலத்தின் நாட்குறிப்பு போன்றது. கீழ் அடுக்குகளில் பனைக் குடும்ப மரம் ஒன்றின் மகரந்தம் ஏராளமாக இருந்தது. மேலே வர வர அது குறைந்து, மறைந்தே போயிற்று. சிலியில் இன்று வளரும் பெரும்பனைக்கு இம்மரம் உறவினம்.

இதிலிருந்து ஒரு புகழ்பெற்ற கதை உருவாயிற்று. தீவு மக்கள் சிலை வெறியில் மரங்களை வெட்டித் தீர்த்தனர், மண் அரித்தது, பஞ்சம் வந்தது, உள்நாட்டுப் போர் மூண்டு, 15,000 பேர் வரை இருந்த மக்கள்தொகை வெள்ளையர் வருமுன்பே சரிந்து ஒரு சில ஆயிரமாயிற்று. 2005-இல் ஜாரெட் டயமண்ட் எழுதிய நூல் இக்கதையை உலகெங்கும் கொண்டு சென்றது. பூமிக்கு ஓர் எச்சரிக்கை என்று ஆசிரியர்கள் வகுப்பில் சொன்னார்கள். பேச்சாளர்கள் மேடையில் சொன்னார்கள். எச்சரிக்கை நல்லதுதான். ஆனால் அதற்கு ஓர் இனத்தின் மேல் பழி சுமத்துவதானால் சான்று வேண்டுமல்லவா?

காடு அழிந்தது உண்மை. மனிதர் தீயிட்டு நிலம் திருத்தியதும் உண்மை. அவர்களோடு வந்த எலிகளுக்கும் இதில் பங்கு உண்டு. குகைகளில் கிடைத்த பழைய பனங்கொட்டைகள் பலவற்றில் எலிப்பற்களின் தடம் உள்ளது. இயற்கை எதிரி இல்லாத தீவில் எலி பெருகி விதைகளைத் தின்றால், முதிய மரம் சாயும்போது அதனிடத்தில் கன்று முளைக்காது.

காடு போனதால் மக்கள் அழிந்தார்களா என்பதே வினா. மரம் குறைந்ததும் அவர்கள் வேறொரு வேளாண்மையைக் கைக்கொண்டனர். நிலத்தின் மேல் உடைந்த பாறைத் துண்டுகளைப் பரப்பி, இடையிடையே கிழங்கு நட்டனர். கல் காற்றைத் தடுத்தது, ஈரத்தைக் காத்தது, இரவின் குளிரைத் தணித்தது, மெல்ல மெல்லத் தாதுச் சத்துகளையும் மண்ணுக்கு அளித்தது. கல்லைப் பரப்பிப் பயிர் செய்வதா என்று நமக்கு வியப்பாக இருக்கலாம். உரமற்ற, காற்று ஓயாத நிலத்துக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. 2024-இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இத்தோட்டங்களை அளந்தவர்கள், அவற்றின் மொத்தப் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு என்றும், அது ஏறத்தாழ 3,000 பேருக்கே உணவளிக்கும் என்றும் கணித்தனர். 15,000 பேர் என்றுமே இருந்திராவிட்டால், அவர்கள் அழிந்த கதையும் இல்லை.

அதே ஆண்டில் வெளியான முன்சொன்ன மரபணு ஆய்வும் இதற்குத் துணை நின்றது. பாரிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள 15 ராப்பா நூயி மக்களின் எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தனர். ஓர் இனத்தில் மக்கள்தொகை திடீரெனச் சரிந்தால், தப்பியவர்களின் வழியினரிடம் மரபணு வேறுபாடுகள் குறைந்து, அதன் தடம் பல தலைமுறைக்குத் தங்கிவிடும். அத்தகைய தடம் 1600-களுக்கு உரியதாகக் காணப்படவில்லை. மக்கள்தொகை 19-ஆம் நூற்றாண்டு வரை சீராக வளர்ந்தே வந்தது. போருக்குச் சான்றாகக் காட்டப்பட்ட 'மத்தாஆ' என்னும் எரிமலைக் கண்ணாடிக் கருவிகளின் வடிவத்தையும் ஆய்ந்தவர்கள், அவை ஈட்டி முனைகளாக இருப்பதற்கு ஏற்றவை அல்ல. வெட்டவும் சீவவும் பயன்பட்ட பொதுக் கருவிகளே என்கின்றனர்.

சிலைகள் கவிழ்ந்தது மட்டும் உண்மை. ரொக்கேவேன் கண்டபோது அவை நின்றன. 1774-இல் குக் வந்தபோது சில விழுந்திருந்தன. 1868-க்குள் மேடைகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. குலங்களிடையே எழுந்த பூசல், பழைய நம்பிக்கை தளர்ந்தமை, நிலநடுக்கம் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. முன்னோர் வழிபாட்டினிடத்தில் 'பறவை மனிதன்' வழிபாடு ஓங்கியது. ஆண்டுதோறும் ரானோ காவ் விளிம்பிலுள்ள ஒரோங்கோ என்னும் கற்குடில் ஊரிலிருந்து வீரர்கள் பாறையில் இறங்கி, கடலில் நீந்தி, மோட்டு நூயி என்ற சிறு திட்டிலிருந்து ஆலா வகைக் கடற்பறவையின் முதல் முட்டையை உடையாமல் கொண்டு வர வேண்டும். வென்றவனின் தலைவன் அவ்வாண்டின் பறவை மனிதன்.

உண்மையில் நேர்ந்த அழிவு

மக்கள்தொகை சரிந்தது 1862-இல். அவ்வாண்டு இறுதியில் பெரு நாட்டிலிருந்து ஆள்பிடிக்கும் கப்பல்கள் வந்தன. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 1,500 பேரைப் பிடித்துச் சென்றனர். தலைவனும் கற்றவர்களும் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலோர் அங்கேயே மாண்டனர். எதிர்ப்பு எழுந்ததால் எஞ்சிய சிலரைத் திருப்பி அனுப்பினர். உயிரோடு வந்து சேர்ந்த ஒருசிலர் பெரியம்மையையும் உடன் கொண்டுவந்தனர். அடுத்து வந்த ஐரோப்பிய ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவரின் கொடுமையால் பலர் தீவையே விட்டனர். 1877-இல் எண்ணியபோது இத்தீவில் இருந்தவர்கள் 111 பேர்.

'ரொங்கோரொங்கோ' எழுத்தும் இத்துடன் மௌனமாயிற்று. மரப்பலகைகளில் பறவை, மீன், மனிதன் போன்ற சிறு உருவங்களை வரிவரியாகச் செதுக்கிய எழுத்து இது. ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த வரியைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் கப்பலில் போனார்கள். இரண்டு டஜன் அளவிலான பொருள்களே இன்று உலக அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ளன. எவராலும் அவற்றைப் படிக்க முடியவில்லை. 1932-இல் ஹெவெசி என்ற அறிஞர் இவ்வெழுத்துக்கும் நம் சிந்துவெளி எழுத்துக்கும் உறவு உண்டு என்று அறிவித்துப் பரபரப்பை எழுப்பினார். மூவாயிரம் ஆண்டு இடைவெளியையும் பாதி உலகத் தொலைவையும் எண்ணிப் பார்த்த அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ரோமில் உள்ள ஒரு பலகையின் மரம் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அல்லது 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது என்று 2024-இல் காலக் கணிப்புக் காட்டியது. எழுதியதும் அக்காலத்திலேயே என்றால், இது ஐரோப்பியரைக் காணுமுன்பே அம்மக்கள் தாமே கண்டுபிடித்த எழுத்து ஆகிறது.

1888-இல் சிலி நாடு தீவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. பின்னர் ஒரு கம்பெனி தீவையே குத்தகைக்கு எடுத்துச் செம்மறி ஆடு வளர்த்தது. ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் மக்கள் அடைக்கப்பட்டனர். மற்ற நிலமெல்லாம் ஆடுகளுக்கு. 1953 வரை இந்நிலை நீடித்தது. பிறகு கடற்படையின் ஆட்சி. 1966-இல்தான் அம்மக்கள் முழுக் குடியுரிமை பெற்றனர்.

மண்ணில் கிடைத்த மருந்து

1964-இல் கனடா நாட்டு மருத்துவக் குழு ஒன்று இத்தீவுக்கு வந்தது. விமான நிலையம் அமையுமுன், வெளியுலகத் தொடர்பு குறைந்த மக்களின் உடல்நலத்தை ஆராய்வது அதன் நோக்கம். குழுவினர் பல இடங்களில் மண் எடுத்துச் சென்றனர். அம்மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருளை மான்ட்ரியல் நகரில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தவர்களுள் முதன்மையானவர், இந்தியாவில் பிறந்த சுரேந்திர நாத் சேகல். தீவின் பெயராலேயே அது 'ராப்பாமைசின்' எனப்பட்டது. முதலில் காளான் நோய்க்கு மருந்தாகக் கருதினர். பின்னர் அது உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பது தெரிந்தது. நிறுவனம் ஆய்வைக் கைவிட்டபோது சேகல் அந்நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். 1999-இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கான மருந்தாக அமெரிக்காவில் அது ஏற்கப்பட்டது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்று வாழும் பலருடைய உடலில் இத்தீவின் மண் தந்த பொருள் வேலை செய்கிறது. தீவு மக்களுக்கு அதன் வருவாயில் பங்கு ஏதும் கிடைக்கவில்லை.

இன்று செல்வோர் காண்பவை

சிலியின் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிறிய தீவுக்கு மிகப் பெரிய ஓடுதளம். அமெரிக்க விண்வெளி ஓடம் ஆபத்தில் இறங்க நேர்ந்தால் உதவும் என்று 1987-இல் அது நீட்டப்பட்டது. ஓடம் எதுவும் இறங்க நேரவில்லை, பயணிகள்தாம் இறங்குகின்றனர். 2017-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தீவின் மக்கள்தொகை 7,750. 2018 முதல், வெளியார் 30 நாளுக்கு மேல் தங்க இயலாது. குடிநீரும் குப்பையும் அவ்வளவு நெருக்கடியான சிக்கல்கள்.

காலை வெயிலில் காண வேண்டியது டொங்காரிக்கி. ஒரே மேடையில் 15 சிலைகள் வரிசையாக நிற்கும். 1960-இல் சிலி நாட்டு நிலநடுக்கம் எழுப்பிய பேரலை, ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்த இவற்றை உள்நாட்டுக்குள் வெகுதூரம் உருட்டிச் சென்றது. 1990-களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அளித்த பாரந்தூக்கியின் உதவியுடன் மீண்டும் நிறுத்தப்பட்டன. உள்நாட்டில் அக்கிவி என்ற இடத்தில் ஏழு சிலைகள் உள்ளன. 1960-இல் வில்லியம் மல்லாய் தலைமையில் எழுப்பப்பட்டவை. பிப்ரவரியில் 'தாப்பாத்தி' விழா நடக்கும். அதில் இளைஞர்கள் வாழைத் தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் படுத்து, மலைச்சரிவில் கண்மூடித் திறப்பதற்குள் சறுக்கி இறங்குவர். பார்ப்பவர்களுக்குத்தான் நெஞ்சு படபடக்கும்.

சிலைகளைத் தொடக் கூடாது. 2008-இல் பயணி ஒருவர் நினைவுப் பொருளுக்காக ஒரு சிலையின் காதைப் பெயர்த்துப் பிடிபட்டார். 2022 அக்டோபரில் ரானோ ரராக்குவில் பரவிய தீ பல சிலைகளைக் கருக்கியது. சாம்பற்கல் மென்மையானது; மழையும் உப்புக் காற்றும் அதை அரிக்கின்றன, உயரும் கடல் மேடைகளின் அடியைத் தின்கிறது. காட்டில் அடியோடு மறைந்துபோன தொரொமீரோ என்ற மரத்தை, வெளிநாட்டுத் தோட்டங்களில் பிழைத்த அதன் விதைகளிலிருந்து மீண்டும் இத்தீவில் வளர்க்க முயல்கின்றனர்.

தீவினர் இப்போது தங்கள் முன்னோரைத் திரும்பக் கேட்கின்றனர். 1868-இல் ஆங்கிலேயக் கப்பல் கொண்டுசென்ற புகழ்பெற்ற மோஆய் ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 2018-இல் தீவின் தூதுக்குழு அங்கு சென்று அதைத் தருமாறு கேட்டது. அது இன்னும் வரவில்லை. ஆனால் 1870-இல் சிலிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சாந்தியாகோ அருங்காட்சியகத்தில் நூற்றைம்பது ஆண்டு நின்ற 'தாவ்' என்னும் 715 கிலோ எடையுள்ள மோஆய், 2022-இல் கப்பலேறித் தன் தீவுக்குத் திரும்பி வந்தது.